உலகநாதனுக்கு என்ன பிடிக்கும்?

செவ்வாய்க் கிரகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் தனக்கு என்னென்ன பிடிக்கும் என்று நான்கு பேரிடம் சொல்லாதவருக்கு அன்று மாலை வரை இருப்பறைக் கதவு திறக்காது. சட்டம் அப்படி. ஜெசிந்தா பல் துலக்கியதும் முதல் வேலையாக அதைத்தான் முடிப்பாள். சுவர்த்திரையில் அந்த வாரக் கேள்விகள் வந்து நிற்கும். பிடித்த பழம் எது, பள்ளியில் உங்களுக்கு என்ன பட்டப்பெயர், தோசையில் நடுப்பகுதியா ஓரமா, எதைக் கண்டால் பயம். பதில்களைத் தட்டிவிட்டு, மற்ற நால்வரின் பதில்களுக்கும் ஆளுக்கொரு இதயம் போட்டுவிட்டு, உணவுக்குப் பாசி வளர்க்கும் பாசிக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மொத்தம் ஆறு நிமிடம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நகலிகள். முகம், குரல், கைரேகை, கருவிழி என்று ஒரு மனிதனிடம் உள்ள அத்தனையையும் அச்சு அசலாக எடுத்துக்கொண்டு, அவன் பெயரில் வேலைக்கும் போய், அவன் கட்டிலிலும் படுத்துக்கொள்ளும் இயந்திரங்கள். அவை நடமாடத் தொடங்கியதும் பூட்டு, சாவி, அடையாள அட்டை எல்லாம் செல்லாக்காசாகிவிட்டன. கடைசியில், ஒருவன் அவன்தான் என்று சொல்ல அவனை அறிந்த இன்னொருவன் வேண்டும் என்ற பழைய முறைக்கே குடியேற்ற வாரியம் திரும்பியது. ஆளுக்கொரு மூலையில் இருக்கும் ஐந்து பேரைக் கோத்து ஒரு நட்பு வட்டம். நீங்கள் கப்பல் ஏறும் நாளில் உங்களைப் பற்றி ஐந்து கேள்விகள் உங்கள் வட்டத்தாரிடம் கேட்கப்படும். அவர்களில் யாராவது ஒருவர் மூன்றுக்குச் சரியாகச் சொன்னால் போதும், நீங்கள் நீங்கள்தான்.

ஜெசிந்தாவுக்கு அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பூமிக்குத் திரும்பும் மீள்கலம் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். சென்ற முறை பாசிக்கு நோய் கண்டதால் அவளைப் போகவிடாமல் நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வயதில் விட்டுவந்த மகள் டெல்ஃபி இப்போது தூத்துக்குடியில் சரக்குப் படகு ஓட்டுகிறாள். போன மாதம் அவளிடமிருந்து இரண்டே வரி வந்தது. “வந்தா வா. வரலைன்னா இனிமே வாரேன்னு சொல்லாத.”

அந்த நேரம் பார்த்துத்தான் உலகநாதன் பூனையைப் பற்றி விசாரித்தார்.

உலகநாதன் அவள் வட்டத்தில் ஒருவர். செவ்வாயின் சின்ன நிலவில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கைத் தனியாகக் காத்துவருவதாகச் சொல்லிக்கொண்டவர். “சுண்டல் போய் இன்னையோட பதினாறு வருசம் ஆகுது இல்லையா? மனசு எப்படிம்மா இருக்கு?” என்று எழுதியிருந்தார். சுண்டல் அவள் வளர்த்த பூனை. அது செத்த தேதியை அவளே மறந்திருந்தாள். என்றோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் எழுதியிருப்பாள் போலும். படித்ததும் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். நானே மறந்ததை இவர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பாசிக்கூடத்தில் உடன் வேலை செய்யும் பேச்சியம்மாளிடம் சொன்னாள். பேச்சியம்மாள் கையில் இருந்த வடிதட்டைக் கீழே வைத்தாள்.

“என் வீட்டுக்காரரு முப்பது வருசமாக் கூட இருக்காரு. எனக்குக் கத்திரிக்கா ஆகாதுன்னு இன்னும் அவருக்குத் தெரியாது. இந்த ஆளு என்னடான்னா பூனைக்குத் திவசம் குடுக்காரு. மூணு சொன்னா மனுசன், அஞ்சும் சொன்னா மெசினு. அவ்வளவுதான் கணக்கு.”

“அவரு தங்கமான மனுசன்க்கா. நாலு வருசமா பேசுதோம்.”

“நீ பேசுன. அது சேத்து வச்சிருக்கு. உன்னயப் பத்தி எல்லாந் தெரிஞ்ச ஒண்ணு உன் மூஞ்சிய மாட்டிக்கிட்டுக் கப்பல் ஏறிருச்சுன்னு வையி, உன் மவளுக்கு வித்தியாசம் தெரியுமா?”

அந்தக் கடைசிக் கேள்வி அவளை விட்டு இறங்கவே இல்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தாயைப் பற்றி என்ன நினைவிருக்கும்? உலகநாதனின் பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தாள். பிறந்தநாள் வாழ்த்து, ஒரு வருடம்கூடத் தவறவில்லை. பல்வலி என்று எழுதிய மூன்றாம் நாள் ‘வீக்கம் வத்துச்சா?’ பள்ளிக்கூடத்தில் மூடி மாறிப்போன பச்சை டிபன் பாக்ஸைப் பற்றிக்கூட ஒரு வரி. முன்பு இதமாக இருந்தவை எல்லாம் இப்போது வேவு பார்த்தவையாகத் தெரிந்தன. சந்தேகம் வந்துவிட்டால் வெல்லமும் கசக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே ஒரு பொய் எழுதினாள். பிடித்த பழம், அன்னாசி.

வட்டத்தின் மற்ற மூவரில் முதலில் ஷாமிலா இதயம் போட்டாள். மாடசாமி இதயம் போட்டார். நிவேதனும் போட்டான். அரைமணி நேரத்தில் உலகநாதனிடமிருந்து செய்தி வந்தது. “இதுக்கு முன்னால ஆறு தடவையும் கொய்யான்னு சொன்னீங்க, அதுவும் செங்காய். அன்னாசி நாக்கை அறுக்கும்பீங்களே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

ஜெசிந்தாவுக்கு இனிச் சந்தேகமே இல்லை. அப்போதே நகலித் தடுப்புப் பிரிவுக்குப் புகார் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், ‘என்னைப் பற்றிச் சொன்னது எதையும் இவர் மறப்பதில்லை’ என்று எழுதினாள். அந்த ஒரு காரணமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மாலைக்குள் உலகநாதனின் பெயர் இருண்டுபோனது. நான்கு வருடப் பதில்களும் வட்டத்திலிருந்து துடைக்கப்பட்டன. ‘நல்லவேளை, எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு’ என்று ஷாமிலா எழுதினாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. மனதின் ஓரத்தில் லேசாக முள் குத்தியதுபோல் இருந்தது. ஆனாலும் ஜெசிந்தா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

புகார் கொடுத்த நாற்பத்தோராம் நாள் காலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கலத்துறைக்குப் போனாள். ஆய்வாளர் சுல்தானா, நாற்பது வயதுக்காரி, திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

“உக்காருங்கம்மா. உங்க வட்டத்துல கேட்டோம். நிவேதன் உங்களுக்கு அன்னாசி பிடிக்கும்னாரு. மத்த நாலுக்கும் அவருக்குப் பிடிச்சதையே சொல்லிட்டாரு. ஷாமிலா, ‘அவங்க ரொம்ப நல்ல டைப், எல்லாமே பிடிக்கும்’னாங்க. மாடசாமி எந்த ஜெசிந்தான்னு கேட்டாரு.”

“மேடம், நாலு வருசம். இருநூறு ஞாயித்துக்கிழமை.”

“எல்லாருக்கும் இப்படித்தாம்மா. பாதிப் பேரு இங்க உக்காந்துதான் அழுவாங்க. ஆய்வுக்கூடத்துல வச்சுச் சோதிக்கலாம், ஆனா அதுக்கு நாப்பது நாளாகும். கலம் இன்னும் மூணு மணி நேரத்துல கிளம்புது. இன்னொருத்தர் இருந்தாரே வட்டத்துல?”

“அது நகலி. நான்தான் புகார் குடுத்தேன்.”

சுல்தானா ஒரு கோப்பைத் திறந்து படித்தாள்.

“நேத்துதான் விசாரணை முடிஞ்சிருக்கு. மனுசன்தாம்மா. அவரு அறையில கோடு போட்ட நோட்டு நாலு இருந்துச்சாம். உங்க நாலு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நீங்க சொல்றத எல்லாம் அதுல எழுதி வச்சு, வாரம் பூரா படிப்பாராம்.”

ஜெசிந்தா தலைகுனிந்தாள். வெட்கம் காது வரை சுட்டது. அதற்குள்ளேயே ஆசையும் எட்டிப் பார்த்தது.

“அவரு எனக்குச் சாட்சி சொல்லலாமா?”

“சொல்லலாம். லைன்லதான் இருக்காரு. உங்களப் பத்தி அஞ்சும் சொல்றேங்காரு. கோவம் இல்லையான்னு கேட்டேன். ‘ஊருக்குப் போற பிள்ளை, பதட்டத்துல செஞ்சிருக்கும்’னாரு.” சுல்தானா குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு. அவரு மனுசன்னுதான் தெரிஞ்சிருக்கு. உலகநாதன்தானான்னு இன்னும் உறுதியாகல. வட்டத்துல ஒருத்தர் அவரப் பத்தி மூணு கேள்விக்குச் சரியாச் சொன்னா அவரு மேல இருக்கற தடை நீங்கும். மத்த மூணு பேரையும் கேட்டாச்சு. நீங்கதான் பாக்கி.”

“கேளுங்க மேடம்.”

“அவருக்குப் பிடிச்ச பழம்?”

ஜெசிந்தா கண்ணை மூடினாள். இருநூறு ஞாயிற்றுக்கிழமையும் அவர் பதில் எழுதியிருக்கிறார். இருநூறுக்கும் அவள் இதயம் போட்டிருக்கிறாள். இதயத்தின் சிவப்பு மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“மாம்பழம்.”

“இல்லம்மா. எதைக் கண்டா பயம்?”

“இருட்டு... தனியா இருக்காருல்லா.”

“இல்ல. அவருக்குப் பிள்ளைங்க எத்தனை?”

நாலு வருடத்தில் அவரை அவள் ஒருமுறைகூட எதுவும் கேட்டதில்லை. ஒலிபெருக்கியின் மறுமுனையில் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமுவது கேட்டது. சொல்லித்தர அவருக்கு அனுமதி இல்லை. சுல்தானா ஒரு நிமிடம் கூடுதலாகவே காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

மீள்கலம் நேரம் தவறாமல் கிளம்பியது. துறையின் கண்ணாடிச் சுவரோரம் ஜெசிந்தா பெட்டியின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லி அழவேண்டும்போல் இருந்தது. வட்டத்தைத் திறந்து எழுதினாள். “கலத்தைத் தவறவிட்டுவிட்டேன். இனி மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?”

ஒரு நிமிடத்துக்குள் மூன்று இதயங்கள் வந்தன.