சும்மாட்டு வட்டம்

சுவர் காய்ந்து, பட்டி பார்த்து, வெள்ளை பெயிண்ட் இரண்டு கை அடித்த பிறகும், சமையலறை ஜன்னலின் அடிப்பக்கத்தில் ஒரு வட்டம் மட்டும் காயவே இல்லை.

மேஸ்திரி தெய்வசிகாமணி அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஈரம்தான், ஆனால் சில்லிப்பு இல்லை. வெயிலில் செங்கல் சுமந்து வந்தவளின் உச்சந்தலை மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. முகர்ந்தால் சுண்ணாம்பு நெடியோ பெயிண்ட் நெடியோ வரவில்லை, தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனைதான் வந்தது. கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த பிறகும் வாசனை போகவில்லை.

முத்தியால்பேட்டையின் அந்தச் சந்தில் காலையிலேயே பிரியாணி தேக்சா அடுப்பேறியிருந்தது. ஆரிப்பும் அவன் பெண்டாட்டி ஃபரீஹாவும் கட்டிய புது வீட்டில் இன்று பால் காய்ச்சுகிறார்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில், யார் கண்ணிலும் படாமல், மேஸ்திரி நின்றிருந்தார்.

சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஜன்னல் ஃபரீஹாவின் ஆசை. செல்போனில் படம் காட்டி, "மூணு பக்கமும் கண்ணாடி, உள்ள உக்கார மேடை. அதுல உக்காந்துதான் வெங்காயம் உரிப்பேன் மேஸ்திரி," என்றாள். இங்கிலீஷில் ஏதோ பேர் சொன்னாள். அவர் பொட்டி ஜன்னல் என்று வைத்துக்கொண்டு, செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டார். மழைத்தண்ணீர் ஏறும் தெரு என்று வீட்டைத் தூக்கிக் கட்டியிருந்ததால், ஜன்னலுக்கு அடியில் ஆள் நடந்து பின்பக்கம் போகலாம். எவ்வளவு உயரம் விடுவது? சித்தாள் செல்வாம்பாளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தலையில சும்மாடோட நில்லு. நீ இடிக்காம போனா போதும்."

"குள்ளச்சிய வெச்சு அளவெடுத்தா நெட்டையனுங்க மண்டைய உடைச்சிக்குவானுங்க மேஸ்திரி."

"நெட்டையன் குனிஞ்சி போவட்டும்."

அவள் சிரித்தாள். சும்மாட்டுத் துணிக்கு நேராகச் சுவரில் கரிக்கோடு இழுத்தார். அந்தக் கோடுதான் ஜன்னலின் அடி.

கான்கிரீட் போட்டுச் சில நாள்கூட ஆகவில்லை. ஜன்னலைத் தாங்க அடியில் நிறுத்தியிருந்த சவுக்கு முட்டுகள் முதலியார்பேட்டை வேலைக்கு வேண்டியிருந்தன. செல்வாம்பாளிடம் பிரிக்கச் சொன்னார்.

"இன்னும் பச்சையா கீதே மேஸ்திரி. தாங்காது."

"உனுக்கு இன்னா தெரியும்? பலகையப் புடி."

அவர் கடைசி முட்டுக் கம்பைத் தட்டியதும் ஜன்னல் ஒரு விரல்கடை இறங்கி அவள் தலைமேல் உட்கார்ந்தது. அவள் கத்தவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, அதுவரை கூப்பிடாத முறையில் கூப்பிட்டாள். "கொஞ்சம் புடிங்கண்ணே."

அவர் வெளியே ஓடினார். அங்கே அடுக்கியிருந்த முட்டுகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் கழுத்து சாய்ந்துவிட்டிருந்தது.

சாரத்திலிருந்து வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். மறுபடி முட்டுக் கொடுத்து, விரிசலில் சிமெண்ட் பால் விட்டு, பூசி, முட்டுகளை எடுத்தார். விழ வேண்டிய ஜன்னல் விழவில்லை. எதன்மேல் நிற்கிறது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

"இன்னா மேஸ்திரி, அங்க ஒளிஞ்சிக்கினு இருக்கீங்க?" மேலே ஜன்னலிலிருந்து ஃபரீஹா எட்டிப் பார்த்தாள். "மாமி வந்தாச்சு. எல்லாரும் இதுல உக்காந்து போட்டோ எடுக்கப் போறோம்."

"இன்னிக்கு வேணாம்மா. பூச்சு பச்சையா இருக்கு."

"பெயிண்டே அடிச்சாச்சு, இன்னும் பச்சையா? உங்க ஜன்னல உங்களுக்கே நம்பிக்கையில்லியா?" சிரித்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "பாவம் அந்தக்கா. இருந்திருந்தா மொத தட்டு அவங்களுக்குத்தான் குடுத்திருப்பேன்."

சொல்லிவிடலாம். உக்காராதீங்க, இது தாங்காது, அவ சாரத்துலேர்ந்து விழல. அவ்வளவுதான். வாயைத் திறந்தார்.

"அவ தலையெழுத்தும்மா," என்று வந்தது.

ஃபரீஹா உள்ளே போய்விட்டாள்.  மேஸ்திரி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து ஜன்னலின் வெளி விளிம்பில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பிறகு மெல்ல இடது பக்கம் போனது. நின்றது. வலது பக்கம் வந்தது. சுமையோடு வெகுநேரம் நிற்கும் பெண் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவாளே, அப்படி.

கான்கிரீட் கால் மாற்றாது.

தேக்சா மூடியின் சத்தம், உள்ளே பாத்திரச் சத்தம், பிள்ளைகளின் சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கேட்டது. வாயால் விடும் மூச்சு. சாரம் ஏறும் சித்தாளின் மூச்சு. அவர் முகத்துக்கு நேராக.

மேலே ரமீஜா மாமி உட்கார்ந்தார்.

மூச்சு நின்றது. பூச்சுத் தூசி உதிர்ந்தது. வட்டத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கீழே சிமெண்ட் தளத்தில் இரண்டு பாதங்களின் ஈரம். விரல்கள் அகன்று, தரையைக் கவ்வியபடி.

ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்தது. அதன் குதிகால் மேடையில் டொக் டொக் என்று இடித்தது.

விரிசல் திறந்தது. மயிரிழை அளவு.

"கொஞ்சம் புடிங்கண்ணே."

இடுக்கின் கோடியில் கேட் திறந்திருந்தது. தெரு வெயில் தெரிந்தது. ஓடிவிடலாம். போன தடவை ஓடினார்.

டொக். டொக்.

அவர் குனிந்து ஜன்னலுக்கு அடியில் போனார். ஈரப் பாதங்களின் மேல் தன் பாதங்களை வைத்தார். சுடச்சுட இருந்தது. யாரோ அவர் தலையில் நனைந்த சும்மாட்டை வைத்தார்கள். கோணலாக இருந்ததை நேராக்கினார்கள். பழகிய கைகள்.

பிறகு பாரம் வந்தது. முழுசாக. ஒரே நேரத்தில்.

கத்தப் பார்த்தார். மூச்சுக்கே இடமில்லை.

மதிலோரம் மிச்சம் கிடந்த மணல்மேல் செல்வாம்பாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தோளில் சாய்ந்து கிடந்த தலையை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்தாள். அது மறுபடி சாய்ந்தது. சாய்ந்த தலையோடு அவரையே பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு பேர் ஏறி உக்காருங்க," மேலே ஃபரீஹாவின் குரல் கேட்டது. "நல்லாத்தான் தாங்குது."