ஆவுடையப்பனின் ஒன்பதாம் வயது

மாப்பிள்ளை வீட்டார் வந்து, பாசிக் காப்பி குடித்து, இரு வீட்டுப் பெரியவர்களின் ஒன்பதாம் வயதையும் கூடத்துச் சுவரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுவார்கள். செவ்வாயின் மூன்றாம் குடுவையில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் வழக்கம் அது. ‘ஒன்பது பார்த்தல்’ என்று அதற்குப் பெயர்.

குடுவை என்பது எட்டாயிரம் பேர் வாழும் கண்ணாடிக் கூடு. அங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்பதாவது பிறந்தநாளில் காதின் பின்புறம் நினைவுமணி பொருத்துவார்கள். மணி ஏறியபின் மூளை தானாக எதையும் சேமிக்கும் பழக்கத்தை விட்டுவிடும். மணியில் இல்லாதது மனத்திலும் இல்லை. ஆகவே ஒருவருடைய முதல் பதிவு ஒன்பதாம் வயதுதான். பெரியவரின் ஒன்பது எப்படியோ, குலம் அப்படி என்று குடுவைவாசிகள் நம்பினார்கள். பூமியில் இருந்தபோது கட்டம் போட்டு, தசை பார்த்து, பொருத்தம் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்த மூடத்தனத்தையெல்லாம் விட்டொழித்துவிட்டதில் அவர்களுக்கு மிகுந்த பெருமை உண்டு.

எழுபத்தொன்பது வயது ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற காற்று அதிகாரி. அவர் வீட்டு வாசலில் ‘முதல்தரக் குடி’ என்ற பலகை இருந்தது. முதல்தரக் குடிகளுக்கு மேல்தளத்தில் வீடு, சுத்தமான காற்று, பிள்ளைகளுக்கு மேல்படிப்பு. அந்தப் பலகையை ஈட்டிக் கொடுத்தவர் அவருடைய தந்தை. பேத்தி உலகம்மையின் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில், மகள் வடிவு தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாள்.

“அப்பா, உங்க ஒன்பத ஒரு தடவ நாமளே ஓட்டிப் பாத்துருவமா?”

“எதுக்கு? என் ஒன்பதுல என்ன இருந்துரப் போவுது? தராதரமான வீட்டுப் பிள்ளையோட ஒன்பது.”

“ஒண்ணும் இருக்காதுதான். ஆனா போன மாசம் பக்கத்து வீட்டுல பெரியவர் சின்ன வயசுல கட்டில நனைச்சது வந்து, சம்பந்தம் முறிஞ்சு போச்சுல்லா.”

காற்றுச் சல்லடைகளைக் கழுவிக்கொண்டிருந்த செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். கீழ்ச்சுரங்கத்திலிருந்து பதினொரு ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு வேலைக்கு வருபவள்.

“ஐயா சின்னப் பிள்ளையில எப்பிடி இருந்தாங்கன்னு நானும் பாக்கட்டுமா?”

“உனக்கு இங்க என்ன வேல? சல்லடையக் கழுவு.”

“அது கழுவியாச்சு. நீங்க மாத்திரை போட்டாச்சா? போட்டிருக்க மாட்டீங்க. மொகத்தப் பாத்தாலே தெரியுது.”

அவள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்து, அவர் விழுங்கும்வரை நின்று, பிறகே போனாள். கதவைச் சாத்திவிட்டு வடிவு மணியைச் சுவரோடு இணைத்தாள்.

சுவரில் இறங்குதுறை தெரிந்தது. ஒன்பது வயது ஆவுடை ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஆண்டு பூமியில் நுரை அட்டைக்குத் தட்டுப்பாடு. கண்ணாடிக் குழாய்கள் உடையாதிருக்க, அச்சகக் கழிவுத் தாள்களைக் கசக்கித் திணித்து அனுப்பினார்கள். குடுவையின் காற்றில் ஒரு பொறி விழுந்தாலும் தாள் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்பதால், பெட்டி திறந்த கையோடு அதைக் கரைப்பான் தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். தாள் வைத்திருப்பது குற்றம். ஆவுடை தாள் உருண்டை ஒன்றைப் பிரித்தான். உள்ளே நீலம்.

குடுவையில் வெள்ளை, சாம்பல், துருச் சிவப்பு ஆகிய மூன்றே நிறங்கள் உண்டு. நீலத்தை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. நீலத்தின் நடுவே, தலையில் செம்புப் பானை கவிழ்த்த மனிதன் ஒருவன் நின்றான். பானையிலிருந்து மேலே ஒரு குழாய் போயிற்று.

“ஏலே, என்னதுலே இது, அவனச் சுத்தி?” பக்கத்தில் இருந்தவன் பேச்சிமுத்து. கழிவுக் குழாய் துப்புரவு செய்பவரின் மகன்.

“குளிரூட்டித் தண்ணியா இருக்கும்.”

“இம்புட்டாலே? எவன்லே தொட்டிய ஒடச்சது?”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சுவருக்கு இப்பால் கிழவரின் உதடும் அசைந்தது. வடிவு அதைப் பார்த்தாள். அப்பா சிரித்து அவள் பார்த்ததில்லை.

படத்தில் இருந்தவன் பெயர் முக்குளி வீரன் கார்வண்ணன், கடலடியில் மூழ்குபவன். அவன் படக்கதை நாற்பத்தெட்டுப் பக்கம் என்பது முதல் தாளின் மூலையில் இருந்தது. மாதம் ஒரு கப்பல் வரும். ஒரு கப்பலில் நாலு பக்கம் கிடைக்கும். இன்னொன்றில் பதிமூன்றாம் பக்கமே மூன்று முறை கிடைக்கும். வேறு கதையின் பக்கங்களும் வரும்; அவற்றை மற்ற பிள்ளைகளிடம் கொடுத்துக் கார்வண்ணனை வாங்குவார்கள். கிழிந்ததென்றால் இரண்டுக்கு ஒன்று. கசங்கிய தாளை வெந்நீர்க் குழாயில் சுற்றி, மேலே துணி கட்டி, நூறு எண்ணுவான் பேச்சிமுத்து. எண்ணி முடித்துப் பிரித்ததும் மை மணக்கும். இருவரும் மூக்கை வைத்து முகர்வார்கள். செம்புக் கம்பியால் தைத்த புத்தகத்தைப் பன்னிரண்டாம் சல்லடையின் பின்னால் ஒளித்தார்கள்.

பத்து மாதத்தில் நாற்பத்தேழு பக்கம் சேர்ந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் எவனோ ஒருவன் கார்வண்ணனின் காற்றுக் குழாயை அறுத்துவிட்டான்.

“செத்திருப்பான்லே,” என்றான் ஆவுடை.

“சாவ மாட்டான். இன்னும் ஒரு பக்கம் இருக்குல்லா.”

அடுத்த காட்சியில் சல்லடை திறந்து கிடந்தது. இரண்டு காவலர்கள் நின்றார்கள். நடுவில் ஆவுடையின் தந்தை, காற்று அதிகாரி. கையில் புத்தகம்.

“யாரோடது?”

ஒன்பது வயது விரல் மெல்ல எழுந்து பேச்சிமுத்துவைக் காட்டிற்று. பேச்சிமுத்து மறுக்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆவுடையப்பன் கையை உயர்த்தி ஓட்டத்தை நிறுத்தினார். மீதியை வடிவு பார்க்கவில்லை. பேச்சிமுத்துவின் குடும்பம் மறுநாள் கீழ்ச்சுரங்கத்துக்கு இறக்கப்பட்டதும், மின்தூக்கி வாசலில் அவன் ஒரு மடித்த தாளை ஆவுடையின் கைக்குள் திணித்து, “இன்னிக்குத்தான்லே கெடச்சுது” என்றதும், ஐந்து மாதத்தில் சுரங்கத்தின் காற்றுக் குழாய் வெடித்து இறந்த பத்தொன்பது பேரின் பெயர்களோடு அவன் பெயரும் பள்ளிச் சுவரில் பொறிக்கப்பட்டதும் அந்த மீதியில் இருந்தன. தாளைத் தாமே பிடித்துக் கொடுத்த நேர்மைக்காகத் தந்தைக்குத் தகட்டுப் பட்டயமும் முதல்தரமும் கிடைத்தன. மடித்த தாளை ஆவுடை பிரிக்கவே இல்லை. தந்தை காலமானபின், பட்டயம் இருந்த தகரப் பெட்டியில் அதையும் போட்டு, சுவர் முகரிகள் மோப்பம் பிடிக்காதபடி பிசின் பூசி மூடினார்.

அவர் மணியைச் சுவரிலிருந்து கழற்றினார். “வெட்டணும்.”

நினைவை வெட்டி ஒட்டுவது சட்டப்படி குற்றம். ஆகவே கடைவீதியில் அந்தக் கடைக்குப் பலகை கிடையாது. ‘காதுக்கடை’ என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கடைக்காரர் இருதயராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “பேச்சிமுத்துங்கிற பேரத் தொட்டு வர்ற எல்லாத்தையும் எடுத்துருவேன். நீங்க இங்க வந்ததையும் சேத்துத்தான் எடுப்பேன், அது கடை வழக்கம். ஓட்ட விழுந்த எடத்துல நல்ல ஒன்பது ஒண்ணு ஒட்டிருவேன்.”

“அந்தப் பொம்மப் புத்தகம்...” ஆவுடையப்பன் திரைப் பக்கம் குனிந்தார். “தாளச் சேத்தது, படிச்சது... அத மட்டும் விட்டுவைக்க முடியுமா?”

இருதயராஜ் திரையை முன்னும் பின்னும் ஓட்டினார். “முடியாதே ஐயா. அந்தப் பையன் இல்லாத பக்கம் இதுல ஒண்ணுகூட இல்லியே.”

ஆவுடையப்பன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். “சரி. எடுத்துருங்க.”

“இதோட சம்பந்தப்பட்ட சாமான் எதுவும் வீட்டுல கெடக்கா? இருந்தா இன்னிக்கே தொட்டியில கரைச்சிருங்க. அறுத்த எடத்துல அது போயி உரசக் கூடாது.”

வடிவு அப்பாவைப் பார்த்தாள்.

“ஒண்ணும் கெடையாது,” என்றார் ஆவுடையப்பன்.

நிச்சயதார்த்த நாளன்று ஐந்தாம் குடுவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுடைய பெரியவர் மாசிலாமணியும் எழுபது கடந்தவர், அவரும் விறைப்பானவர். செல்லக்கனி காப்பி கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். முதலில் மாசிலாமணியின் ஒன்பது ஓடிற்று. ஒரு தாழ்வாரம், தள்ளாடி வந்த முதியவர் ஒருவர் இடறி விழுகிறார். ஒன்பது வயதுப் பையன் ஓடிப்போய்த் தன் பங்குத் தண்ணீரைக் கொடுக்கிறான். முதியவர் குடிக்கும்போது ஒரு சொட்டு அவருடைய இடது செருப்பில் விழுகிறது. பையன் தாகத்தோடு வீட்டுக்குப் போகிறான்.

எல்லாரும் தலையசைத்தார்கள். அடுத்து ஆவுடையப்பனின் ஒன்பது ஓடிற்று.

ஒரு தாழ்வாரம். தள்ளாடி வந்த முதியவர் இடறி விழுந்தார். ஒன்பது வயதுப் பையன் ஓடினான். இடது செருப்பில் ஒரு சொட்டு விழுந்தது.

வடிவு மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய் வடிவைப் பார்த்தாள். பிறகு இருவரும் அவரவர் காப்பி தம்ளரைப் பார்த்தார்கள்.

மாசிலாமணியின் கண்கள் கலங்கியிருந்தன. “சம்பந்தி! வேற வேற குடுவை, வேற வேற பெரியவர். ஆனா மனசு ஒண்ணு பாத்தீங்களா!”

“வளர்ப்பு அப்பிடி,” என்றார் ஆவுடையப்பன். இருவரும் உண்மையாகவே நம்பினார்கள். பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று மாசிலாமணி அறிவித்தார்.

அந்தப் பூரிப்பில்தான் ஆவுடையப்பனுக்குத் தந்தையின் பட்டயம் நினைவுக்கு வந்தது. “இருங்க, ஒண்ணு காட்டுதேன்,” என்று உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அது ஏன் பிசின் பூசி மூடியிருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. கத்தி முனையால் நெம்பித் திறந்தார். பட்டயத்தின்மேல் நாலாக மடித்த ஒரு பழந்தாள் கிடந்தது.

பிரித்தார். எழுபது ஆண்டுகளில் முதல்முறையாக.

நீலம். தலையில் செம்புப் பானை கவிழ்த்த இருவர். ஒருவன் தன் காற்றுக் குழாயைக் கழற்றி மற்றவன் பானையில் செருகிக்கொண்டிருந்தான். கீழ்க் கட்டத்தில் இருவரும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிச் சிரித்தார்கள். ஓரத்தில் கரியால் எழுதிய கோணல் எழுத்துகள்: ‘ஆவுடை நீ மொதல்ல படி. நான் பெறவு படிக்கேன். பேச்சிமுத்து.’

“என்ன கிறுக்கல் இது? எவனோ என் பேர எழுதி வச்சிருக்கான்,” என்றார் ஆவுடையப்பன்.

சுவரிலிருந்த முகரி தாளை மோப்பம் பிடித்து அலறத் தொடங்கிற்று. மாசிலாமணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். “தாளா? உங்க வீட்டுலயா?”

இரண்டு நிமிடத்தில் இரண்டு காவலர்கள் உள்ளே வந்தார்கள். “யாரோடது?”

உலகம்மை மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுந்து, தாத்தாவைப் பார்த்தபடி நின்றாள். வடிவுக்கு ஓரத்திலிருந்த பெயர் தெரிந்தது. வாய் திறந்தாள், சம்பந்தி வீட்டார் ஐந்து பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தடுக்க அவருக்குள் எதுவும் மிச்சமில்லை. விரல் எழுந்து அடுக்களையைக் காட்டிற்று.

“இது மானமுள்ள வீடு. வெளியாள்னா அவ ஒருத்திதான். கீழ்ச்சுரங்கத்துக்காரி.”

செல்லக்கனி ஈரக் கையோடு வாசலில் நின்றாள். “நானா? ஐயா, எனக்கு அது என்னன்னே தெரியாதே! அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா.”

வடிவு சுவரைப் பார்த்தாள். காவலர்களில் ஒருவன் தாளை வாங்கிக் கரைப்பான் குப்பியில் போட்டான். தண்ணீர் சற்று நேரம் நீலமாக இருந்தது.

அழைத்துக்கொண்டு போகையில் செல்லக்கனி ஒருமுறை திரும்பினாள். “அம்மா, ஐயாவோட மாத்திர மேல் தட்டுல இருக்கு. அவங்களா போட மாட்டாங்க.” பிறகு அந்த விரலைப் பார்த்தாள். அது இன்னும் இறங்கவில்லை.

“ஒளிக்காம ஒடனே பிடிச்சுக் குடுத்தீங்க பாருங்க,” என்று மாசிலாமணி அவர் தோளைத் தொட்டார். “இதுதான் சம்பந்தி குலம்ங்கிறது.” தாம்பூலம் மாற்றினார்கள்.

அன்று மாலை வடிவு காதுக்கடைக்குச் செய்தி அனுப்பினாள்: ‘எனக்கும் என் மகளுக்கும். இன்றைய மதியம் மட்டும்.’

சிறிது நேரத்தில் பதில் வந்தது. ‘வாங்கம்மா. அப்பாவுக்கு வேண்டாமா?’

வடிவு கூடத்தை எட்டிப் பார்த்தாள். பலகைக்குப் பக்கத்தில் பட்டயத்தை மாட்டிவிட்டு, அது கோணாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார் ஆவுடையப்பன்.

‘வேண்டாம்,’ என்று எழுதினாள். ‘அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை.’