நாலு விரற்கடை

ஃப்ரிட்ஜ் நகர்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, உருண்டு போன எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தபோதுதான் விஜயராணி கவனித்தாள். ஆறு வருஷமாக அதன் கால்கள் தரையில் பதித்து வைத்திருந்த துரு வட்டங்கள் வெளியே தெரிந்தன. கால்களோ நாலு விரற்கடை மேற்கே, சுவரை ஒட்டி நின்றன. வேலைக்கு வரும் பெண் பெருக்குவதற்காகத் தள்ளியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தரையில் இழுத்த தடம் இல்லை. அடியில் படிந்திருந்த தூசுகூடக் கலையாமல் கம்பளிபோல அப்படியே கிடந்தது.

மும்பை செம்பூரில் நாலாவது மாடி வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை. கணவன் ராஜசேகர் கப்பலில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவான். வீட்டில் அவளும் ஏழு வயது மானசாவும்தான். பள்ளி விட்டு வந்து சாப்பிட்டதும் மானசா தூங்கிவிடுவாள். விஜயராணி ஹாலில், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து வேலை பார்ப்பாள்.

கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும் ஓர் உலகத்தின் எல்லைத் தகராறுகளைத் தீர்ப்பதுதான் அவள் வேலை. அங்கே ஆட்கள் மனை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், மரம், நாற்காலி, நாய் என்று பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு, பக்கத்து வீட்டு மரம் என் மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று புகார் எழுதினார்கள். அவள் போய் அளப்பாள். விதி எளிது. ஒரு பொருளின் நடுப்புள்ளி எந்த மனையில் விழுகிறதோ, அந்த மனைக்காரருக்கு அதன்மேல் உரிமை. அவர் அதை வைத்துக்கொள்ளலாம், இல்லை அழித்துவிடலாம்.

மே மாதம் அப்படித்தான் ஆபிரகாமின் புகார்க்கோப்பு அவளிடம் வந்தது. தாராவியில் தோல் பை தைக்கிறவர், அறுபதைத் தாண்டியவர். அந்த உலகத்தில் ஓர் அறை அகலத்துக்கு மனை வாங்கி, அதில் ஒரே ஒரு நாற்காலி போட்டு, இறந்துபோன தன் மனைவி அன்னமேரியின் உருவத்தை அதில் உட்கார்த்தி வைத்திருந்தார். நாற்காலியும் உருவமும் ஒரே பொருள். சுற்றிலும் நாலு பக்கமும் மனை வாங்கிப் போட்ட ஒருவன், நாற்காலியின் முதுகு என் எல்லைக்குள் வருகிறது என்று விடாமல் புகார் எழுதினான். விஜயராணி அளந்தாள். நடுப்புள்ளி ஆபிரகாமின் பக்கம்தான் இருந்தது, கோட்டுக்கு உள்ளே, நூலளவு தள்ளி.

ஆபிரகாம் மூன்று முறை ஃபோன் செய்தார். "எம்மா, அவ அங்கதான் உக்காந்திருக்கா. வேற எங்கயும் இல்லம்மா. பாத்துச் செய்யுங்க." அந்த இழுத்துப் பேசும் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்று நாற்பது கோப்புகள் காத்திருந்தன. நாற்காலி அங்கே இருக்கும்வரை இந்தப் புகாரும் திரும்பத் திரும்ப வரும். தன் அதிகாரத்தில் அதை நாலு விரற்கடை நகர்த்தினாள். நடுப்புள்ளி கோட்டைத் தாண்டியது. அடுத்த நிமிஷமே பக்கத்து மனைக்காரன் அதை அழித்துவிட்டான். 'பொருளின் மையம் எல்லைக்கு வெளியே இருந்தது' என்று ஆபிரகாமுக்கு ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினாள். பிறகு டீ போட்டுக் குடித்தாள். அவர் எங்கே, எங்கே என்று கேட்டுப் பதினாறு கடிதம் எழுதினார். அவள் எதையும் திறக்கவில்லை.

புதன்கிழமை படுக்கையறையின் இரும்பு பீரோ நகர்ந்திருந்தது. சுவரை ஒட்டி நகர்ந்ததோடு நிற்கவில்லை, அதன் பின்பக்கம் சுவருக்குள் போயிருந்தது. வெளியே மழை நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது, புறாக்கள் ஜன்னல் விளிம்பில் ஒடுங்கி முனகிக்கொண்டிருந்தன, கீழ் வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. அவள் பீரோவும் சுவரும் சேரும் இடத்தில் நகத்தை வைத்துத் தேய்த்தபடி நின்றாள். விரிசல் இல்லை. காரை உதிரவில்லை. நகம் நுழையும் இடைவெளிகூட இல்லை. சுவரிலிருந்து ஒரு வாடை வந்தது, மழையில் நனைந்த தோலின் வாடை.

சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. அதன் சாவி எதிர்வீட்டு சஃபீனாவிடம் இருந்தது. இரண்டு பேரும் போய்த் திறந்து பார்த்தார்கள். பழைய பேப்பர் கட்டு, ஒரு வாளி, வெறும் தரை. சுவர் வழவழவென்று இருந்தது.

"ஒண்ணும் இல்லியே விஜி. லீக்கேஜா? மேல் வீட்ல சொல்லவா?" என்றாள் சஃபீனா.

"இல்ல, சும்மா. ஏதோ சத்தம் கேட்டது."

அன்று ராத்திரி மானசாவைத் தன் கட்டிலுக்கு, ஜன்னல் பக்கம், மாற்றிக்கொண்டாள். வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜை நகர்ந்திருந்தது. அதற்கடுத்துக் கட்டிலே நகர்ந்திருந்தது. அவள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கட்டில் வந்தது. ஆனால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் பழைய இடத்தில், ஒரு நூல் கூடுதலாகவே மேற்கே நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஃபீஸ் மீட்டிங். பத்தே நிமிஷம். ஹாலிலிருந்தே படுக்கையறைக் கதவைப் பார்த்தபடிதான் பேசினாள். முடிந்ததும் உள்ளே போனாள்.

கட்டில் காலியாக இருந்தது.

மானசா தரையில், மேற்குச் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கையைக் காணோம். தோள்பட்டை வரைக்கும் சுவருக்குள் இருந்தது. கவுனின் பூப்போட்ட கைப்பகுதி பாதியில் பெயின்டாக மாறி நின்றது.

"மானசா!"

குழந்தை கண்ணைத் திறந்தாள். தூக்கக் கலக்கம்தான், பயமே இல்லை. "வலிக்கலம்மா. அங்க ஜில்லுனு இருக்கு."

இழுத்தாள். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்து இழுத்தாள். மரத்தை இழுப்பதுபோல இருந்தது.

"விடும்மா. அவங்க கையைப் பிடிச்சிட்டிருக்காங்க."

"யாரு?"

மானசா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஃபோனில் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். ஆபிரகாமின் நம்பர். நாலாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நான் விஜயராணி. அந்த நாற்காலியை நகர்த்தினது நான்தான். மையம் உங்க பக்கம்தான் இருந்தது. பொய் எழுதிட்டேன், சார்."

மெஷின் நின்றது.

"தெரியும்மா. நாலு விரக்கடை. நான் அளந்துதான வச்சேன்."

"என் குழந்தை சுவத்துக்குள்ள போயிட்டிருக்கா, சார். விட்டுடச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் திடுக்கிடவில்லை.

"நான் யாருகிட்டம்மா சொல்லுவேன்? அவ எங்கிட்ட இல்லியே. அவ எங்க போனான்னு உங்ககிட்டதான அத்தன தடவ எழுதிக் கேட்டேன்." பிறகு, யாரோ பக்கத்து வீட்டு விஷயம் பேசுவதுபோலச் சொன்னார். "எங்களுக்குப் பிள்ள கெடையாது. பிள்ளன்னா அவளுக்கு உசுரும்மா. ரோட்டுல போற பிள்ளயக் கூடத் தூக்கிருவா."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் ஃபோனை வைக்கவும் இல்லை.

குழந்தையின் தலை கழுத்து வரை சுவருக்குள் போயிருந்தது. அவள் கத்தினாள். சஃபீனா பெயரைச் சொல்லிக் கத்தினாள். மழை எல்லாவற்றையும் விழுங்கியது.

இனி எவ்வளவு தூரம்? அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாக அளந்தவள். நடுப்புள்ளி நாற்காலிக்கு எங்கே, நாய்க்கு எங்கே, மனித உருவத்துக்கு எங்கே என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். தொப்புளுக்குச் சற்று மேலே. குழந்தையின் கவுனில் அந்த இடத்தில் மூன்றாவது பித்தான் இருந்தது.

இரண்டு கையாலும் அந்தப் பித்தானைப் பொத்திக்கொண்டாள்.

பெயின்ட் குளிர்ந்த தண்ணீர்போல அவள் விரல்மேல் ஏறியது. விரல்களை மட்டும் வெளியே தள்ளியது. அவளுக்கு அனுமதி இல்லை. பித்தான் மறைந்தது.

சுவருக்குள்ளிருந்து மானசாவின் குரல் கேட்டது. சந்தோஷமான குரல். "அம்மா!"

"இங்க இருக்கேன்டி! இங்க!"

"அம்மா," என்றது குரல் மறுபடியும், இன்னும் தள்ளி. இந்தப் பக்கம் பார்த்துச் சொன்னது அல்ல அது.

இடுப்பு. முழங்கால். பாதம். வலது கை மட்டும் மணிக்கட்டு வரை வெளியே மிஞ்சியது. சூடாக இருந்தது. நாடி துடித்தது. விஜயராணி இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்துப் பிடித்தாள்.

அந்தச் சின்னக் கை அசைந்தது.

பிடித்துக்கொள்ளத்தான் என்று நினைத்தாள்.

இல்லை. கை முறுக்கியது. நகத்தால் கீறியது. ஒவ்வொரு விரலாக அவள் பிடியை விடுவித்துக்கொண்டிருந்தது.