பகுதி வாசிப்பு

புதன்கிழமை காலைகளில் பொன்மலரின் ஆய்வகத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். அன்று எடுத்துக்கொண்டது சிறுநீரக நோய்க்கான புதிய மருந்தைப் பற்றிய கட்டுரை. ஆய்வுமுறை ஜெசிந்தாவுக்கு, மருந்தளவு இசக்கிமுத்துவுக்கு, முடிவுரை பொன்மலருக்கு என்று விழுந்தது. மூவரும் தூத்துக்குடி வாசிப்பகத்துக்கு நடந்தார்கள்.

ஒரு கட்டுரையை முழுதாக வாங்க அவர்களுடைய ஓராண்டு நிதியும் போதாது. ஏழை ஆய்வகங்களுக்கு மிச்சமிருந்த மலிவான வழி பகுதி வாசிப்பு. ஒரு கட்டுரையில் ஆளுக்கு ஒரு பகுதி, வாழ்நாளில் ஒரே முறை, இருபது நிமிடம். குறிப்பெடுக்கக் கூடாது. கட்டுரை தெரியும் கண்ணறி திரை வாசித்தவரின் விழித்திரையைப் பதிவுசெய்துகொள்ளும். அதே கட்டுரைக்கு அவர் மறுபடி வந்தால் இருண்டுவிடும். வெளியே வந்து வாயால் சொல்வதற்கு மட்டும் தடையில்லை.

"கிலோவுக்கு நாலு மில்லிகிராம், தினமும்," என்று இசக்கிமுத்து சொன்னதை ஜெசிந்தா எழுதிக்கொண்டாள்.

உப்பளத் தொழிலாளர்கள் ஏழு பேருக்கு மருந்து தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் சுடலைக்கனி இறந்துபோனார். மற்ற ஆறு பேரின் ரத்தப் பரிசோதனையும் மோசமாகிக்கொண்டே வந்தது. மருந்தை அடியோடு நிறுத்தினாலோ நோயே அவர்களைக் கொன்றுவிடும்.

"நாலுங்கறது நிச்சயம் மேடம்," என்றான் இசக்கிமுத்து. "தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளான்னுதான்... யோசிக்க யோசிக்கக் குழம்புது."

ஒரு கட்டுரைக்கு ஓர் ஆய்வகத்திலிருந்து மூன்று பேர்தான் வாசிக்கலாம்; அந்த மூன்று வாய்ப்புகளும் முடிந்திருந்தன. நோயாளியின் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அனுமதி உண்டு. சுடலைக்கனியின் மகள் ஆவுடைச்செல்வி, பள்ளியில் அறிவியல் ஆசிரியை, அப்பாவின் மருத்துவக் காகிதங்களை வாங்க வந்தபோது பொன்மலர் எதையும் மறைக்கவில்லை.

"அப்பாவுக்கு நாங்க அளவு தப்பாக் குடுத்திருக்கலாம்மா. உறுதியாத் தெரியல. தெரியணும்னா நீங்கதான் உள்ள போய் வாசிக்கணும்."

ஆவுடைச்செல்வி காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "எந்தப் பகுதி?" என்று கேட்டாள்.

வாசிப்பகத்தின் வெளியே மூவரும் காத்திருந்தார்கள். அவள் வந்ததும் இசக்கிமுத்து எழுந்து நின்றான்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்னு போட்டிருக்கு," என்றாள். "அந்த வரிய திரும்பத் திரும்ப வாசிச்சேன்."

"அக்கா, நான்..."

"இன்னைக்கு மருந்து குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அந்த ஆறு பேரு வீட்டுக்கும் மொதல்ல ஃபோன் பண்ணுங்க. எங்கிட்ட அப்புறம் பேசலாம்."

ஜெசிந்தா ஃபோனை எடுத்தாள். ஆவுடைச்செல்வி வாசற்படியில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டப் பார்த்தாள். மூன்று முறை முயன்றும் அது மாட்டவே இல்லை.