முன்சீட்டில் போட்டு வைத்த இடம்

கடைசியாக அவர் எனக்குக் காட்டியது, ஒரு சாவியை வெள்ளையாக்குவது எப்படி என்று.

ஸ்டூடியோ சாவியை ஒரு வெள்ளை அட்டை மேல் வைத்தார். லாரி டியூபில் கால் பம்பால் காற்றை ஏற்றி, அதன் குழாயில் மாட்டிய, பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷை என் கையில் கொடுத்தார். போட்டோக்களைத் திருத்த அவர் வாங்கியது, பேனா கனம்தான் இருக்கும்.

"பெயிண்ட மாவு மாதிரிக் கலக்காத கிருபா, பிரஷ்ஷு வாந்தி எடுக்கும். பால் மாதிரி இருக்கணும்."

"அப்ப டிக்காசன ஊத்திக் காப்பியாக் குடுத்துரவா?"

"குடு. ஒங் காப்பிக்கு இது தேவலாம்."

அடித்தேன். சாவியை எடுத்தார். அட்டையில் பச்சைப் பெயிண்டுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சாவி.

"மறிச்ச எடத்துல மட்டும் பெயிண்ட் விழாது, பாத்தியா?"

மேசையில் அவர் பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த ஜீப் இருந்தது. உள்ளங்கை நீளம். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்பைப் போலவே முன்சீட்டு, அதன் பின்னால் ஒரு தகரத் தடுப்பு. "நீயே அடிச்சு முடி. வந்து பாக்குறேன்" என்றார். ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு தோட்டத்துக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனார்.

குமுளி மலைப்பாதையில் அவர் போன ஜீப் உருண்டது. முன்சீட்டின் ஓரத்தில் இருந்தவர் என் ஞானசிகாமணி. எழுபத்தெட்டாம் வருடம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனார்கள். நாத்தனார் செல்வமணி மட்டும் என்னோடு தங்கினாள். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், பாதியில் நின்ற அந்த ஜீப்பைக் கையில் எடுத்தேன்.

மெல்லிய ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொன்று. ஜீப் முழுக்கப் பச்சையானது. தடுப்பின் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் ஒட்டவில்லை. கைப்பிசுக்கு என்று நினைத்தேன். தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன்.

இப்போது விளிம்பு தெளிவாக வந்தது. தோள். கழுத்து. தலை.

வலது காது விடைத்திருந்தது.

அவருக்கும் அப்படித்தான்.

சீட்டுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தேன். வெறும் காற்று. தின்னர் நெடிக்குள் கிராம்பு மணத்தது.

செல்வமணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மதினி," என்றாள். "அண்ணன்ல உக்காந்திருக்காக."

"தெரியுது."

"முல்லையாத்துல வீசிருவோம். இல்லாட்டி பாஸ்டரக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவோம்."

"அவுக செஞ்ச ஜீப்புல அவுக உக்காராம யாரு உக்காருவா? இத முடிச்சுட்டுத்தான்டி எந்திரிப்பேன்."

அவள் வாசற்படியில் நின்று பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லத் தொடங்கினாள்.

நான் அடுத்த பூச்சு அடித்தேன். அவருக்குப் பக்கத்தில், ஏற்கெனவே காய்ந்திருந்த பச்சை மெல்ல விலகியது. அடியில் தகரம் தெரிந்தது. இன்னொரு தலை. சின்னது.

பின்னால் கொண்டை.

என் கை தானாக என் கொண்டைக்குப் போனது.

பஸ்ஸில் முதலில் ஏறி, துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பவர் அவர். ஒருநாளும் என்னை நிற்கவிட்டதில்லை.

தோள் சில்லிட்டது. வளைவில் திரும்பும் வண்டியைப் போல் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஏர்பிரஷின் சீறலுக்குள் அவர் குரல்.

"கிருபா. எடம் போட்டு வச்சிருக்கேன். வா."

எனக்குப் போகத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"நான் வரல," என்றேன். "எனக்கு வேல கெடக்கு."

கொண்டை மேல் அடித்தேன். பச்சை விலகியது. மறுபடி அடித்தேன். மறுபடி விலகியது. டியூபில் காற்று தொய்ந்தது.

"ஏடி செல்வி! பம்ப மிதி!"

அவள் சங்கீதத்தை நிறுத்தாமலே ஓடிவந்து மிதித்தாள். மெல்லிய பூச்சு என்கிற பாடத்தையெல்லாம் மறந்து, பெயிண்ட் வழிய வழிய அடித்தேன். முதலில் தோள் மறைந்தது. பிறகு கழுத்து. கடைசியாகக் கொண்டை.

தரை நேரானது.

பெயிண்ட் வழிந்து காய்ந்த அந்த ஜீப் இன்றும் ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஸ்டூடியோவை நான்தான் நடத்துகிறேன். சில மழைக்காலங்களில் அவருக்குப் பக்கத்தில் கொண்டையின் வளைவு வெளுக்கத் தொடங்கும். பால் பதத்தில் பெயிண்டைக் கலக்குவேன். ஒரு பூச்சில் மறைந்துவிடும்.

அவருடைய இடத்தில் நான் அடிப்பதில்லை. வெறும் பிஸ்கட் டின் தகரம். இத்தனை மழைக்காலத்து ஈரத்துக்குத் துரு ஏறியிருக்க வேண்டும்.

இன்னும் ஒரு பொட்டுத் துரு இல்லை.