ஈ.பி.என்.எஸ். மாமா

ஓரத்தில் தேய்ந்திருக்க வேண்டிய தட்டு நடுவில் தேய்ந்திருந்தது. குலாம் ரசூல் பாய் அதை ஜன்னல் பக்கம் சாய்த்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நவம்பர் மழை காலையிலிருந்து விடாமல் பெய்ததில் மூன்றரை மணிக்கே கூடம் இருட்டியிருந்தது, கரண்டும் போயிருந்தது. ஈரச் சுவரின் வாடையும் அடுக்களையிலிருந்து உப்புமாவின் பெருங்காய வாசனையும் கலந்து வந்தன. நீரஜாவுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"கை பட்ற எடம்தாம்மா தேயும். கைப்பிடி, ஓரம், அவ்ளோதான். இது இன்னாடான்னா நடுவுல தேஞ்சிக்கீது," என்றார் பாய். "தேச்சுக் கழுவினாக்கூட இப்படி வழவழன்னு வராது. நாய்க்கு எதுனா இதுல சோறு வெப்பீங்களா?"

"எங்காத்துல நாய் கிடையாது," என்றாள் நீரஜா.

பாய் தேனாம்பேட்டையில் ஓர் ஏலக்கடையில் பழைய சாமான்களுக்கு மதிப்புப் போடுகிறவர். அவரை வரவழைத்தது நீரஜாவின் மாமனார் ராமானுஜம். அவள் கணவன் நிரஞ்சன் ஸ்கூட்டர் விபத்தில் போய், அவள் குழந்தையோடு முதல்முறையாக மாமனார் வீட்டில் தங்க வந்து எட்டு மாதமாகிறது. வருகிற திங்கட்கிழமை ஐந்து வயது மகள் வர்ஷினியைக் கூட்டிக்கொண்டு அவள் அடையாறுக்குக் குடிபோகிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, பக்கத்திலேயே ஒற்றை அறை. குழந்தையோடு இந்த மயிலாப்பூர் வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அவளுக்குள் எல்லாமே மரத்துப்போயிருந்தது. மகன் பங்குக்கு வெள்ளிச் சாமான்களை எடுத்துக்கொண்டு போ என்று மாமனார்தான் வலியச் சொன்னார்.

அவையெல்லாம் பரிமாறுகிற சாமான்கள். தட்டுகள், குவிந்த மூடி போட்ட பெரிய பாத்திரம், மூக்கு வைத்த நீளக் கிண்ணம். பாய் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது துரைங்க வூட்டு ஐட்டம் சாமி. கறிக்கொழம்பு ஊத்துறது."

"பெருமாளே!" என்று ராமானுஜம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாற்பது வருஷமாக அதில் ரசம் ஊற்றியவர். "அது போகட்டும், அடியில திருப்பிப் பாருங்கோ. எல்லாத்துலயும் அவர் பேர் வெட்டியிருக்கும். ஈ.பி.என்.எஸ்."

"யாரு அவரு?"

"மாடியில இருக்காரே, அந்த மாமா," என்றாள் நீரஜா.

எட்டு மாதமாக அவருக்கு டிபன் கொண்டுபோய் வைப்பவள் அவள்தான். ரொம்ப வயசானவர், யாரும் தன்னைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது, கதவுக்கு வெளியே இந்த வெள்ளித் தட்டில் வைத்து 'ஈ.பி.என்.எஸ். மாமா, டிபன்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடு என்று மாமனார் சொல்லியிருந்தார். யாருக்கு என்ன உறவு என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மாடியில் யானை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் பேசாமல் கரும்பு கொண்டுபோயிருப்பாள். காலையில் தட்டு காலியாக, கழுவியதுபோல் வெளியே இருக்கும். சில நாள் கதவுக்குப் பின்னால் ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். மாமா ரூமைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

பாய் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"அது ஆளு பேரு இல்லம்மா. எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர். வெள்ளி முலாம்னு கம்பெனிக்காரன் அடிக்கிற முத்திரை. ஆயிரம் தட்டுல இந்த நாலு எழுத்து கீது."

ஓட்டிலிருந்து தண்ணீர் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நீரஜா மாமனாரைப் பார்த்தாள்.

"அப்பா, மாடியில யாரு?"

ராமானுஜம் தட்டைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாற்பத்தேழுல எங்கப்பா வெள்ளைக்காரன் பங்களா ஏலத்துல இதெல்லாம் எடுத்துண்டு வந்தார். பாத்திரத்துல யார் பேர் வெட்டியிருக்கோ அவாளுதுதானே அது? அவருக்குப் போடாம நாம சாப்பிடப்படாதுன்னுட்டார். மாடி ரூம் வாசல்ல வெச்சுப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம். மூணாம் நாள் தட்டு காலியா இருந்தது." அவர் குரல் இறங்கியது. "யாரும் பார்த்ததில்லை. பேரே இல்லேன்னா, இத்தனை வருஷமா நாங்க யாரைக் கூப்பிட்டுண்டு இருக்கோம்?"

"பேரில்லாத ஒண்ணக் கூப்ட்டு வெச்சிகீறீங்க சாமி," என்றார் பாய். லென்ஸைச் சட்டைப்பையில் போட்டார். மதிப்பு எதுவும் சொல்லவில்லை. குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

"எனக்கு இந்தச் சாமான் வேண்டாம்ப்பா."

"அப்படிச் சொல்லாதே. சாமான் எங்கேயோ அதுவும் அங்கேதான். எனக்கு இனிமே முடியாதும்மா, நீ கொண்டுபோயிடு." கிழவர் அழுதார். "நீ வேலைக்குப் போயிடுவே. குழந்தை பழகிக்கணுமோன்னோ? இன்னிக்கு டிபனை அவகிட்டதான் கொடுத்தனுப்பினேன்."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக நீரஜாவுக்குப் பயம் வந்தது.

மாடிப்படி குறுகல். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சுவர் ஈரமாக இருந்தது. மேலே போகப் போக மழைச் சத்தம் குறைந்தது. குறைந்திருக்கக் கூடாது. மேலே ஓடுதான்.

கடைசிப் படிக்கு இரண்டு படி முன்னால் நின்றாள்.

வாசலில் தட்டு. உப்புமா தொடாமல் இருந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எட்டு மாதத்தில் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. உள்ளே இருட்டு. கறுத்த வெள்ளியின் வாடை.

ஈரத்துணிச் சத்தம். மெதுவாக.

"வர்ஷினி!"

சத்தம் நின்றது.

"வர்ஷினி, அம்மா கூப்பிடறேன். வந்துடுடா கண்ணா."

ஏதோ ஒன்று அந்தப் பெயரைக் கேட்டு, வாயில் போட்டுப் பார்ப்பதுபோல் ஒரு மெல்லிய சத்தம். பிறகு குழந்தையின் குரல், உள்ளேயிருந்து.

"வரேம்மா."

நிரஞ்சன் போனபோதுகூட வராத அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறாள். அது போதும்.

"அம்மா! கூப்பிட்டியா?"

இது கீழேயிருந்து.

"தட்டை வெச்சுட்டுப் பயந்து ஓடிவந்துட்டேம்மா. கொல்லைல கப்பல் விட்டுண்டிருந்தேன்."

கீழிருந்து சின்னக் காலடி. ஒவ்வொரு படியாக ஏறியது. மேலே கதவு திறந்தது. சின்னக் காலடி. ஒரு படி. இன்னொரு படி.

இருட்டில் எது எந்தப் பக்கம் வந்தது என்று தெரியவில்லை. திரும்ப முடியவில்லை.

வலது கையைச் சின்ன விரல்கள் பிடித்தன. ஈரம். ஜில்லென்று இருந்தது.

இடது கையையும் சின்ன விரல்கள் பிடித்தன. அதே ஈரம்.

கரண்ட் வந்தது.

இரண்டு முகங்களும் அண்ணாந்து அவளைப் பார்த்தன. இரண்டுக்கும் அதே முன்பல் விழுந்த இடைவெளி, அதே சிவப்பு கவுன், கலைந்த அதே சாந்துப் பொட்டு.

"அம்மா, திங்கட்கிழமை நானும்தானே வரேன்?" என்று இரண்டும் ஒரே குரலில் கேட்டன.

எந்தக் கையை விடுவது என்று தெரியாமல், நீரஜா இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.