ஊதா மூடிக்குள் காணாமல் போனவை

"என் சம்சாரத்துக்கு ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவே இல்லைங்கறாங்க டாக்டரம்மா. பன்னிரண்டு மணிக்குள்ள விவரம் தெரியலைன்னா ஆபரேஷன் கிடையாதாம்."

பேருந்து ஓட்டுநர் பரிசோதனைக்கூட வாசலில் நின்றார். மனைவியின் கழுத்துக் கட்டி நாளுக்கு நாள் மூச்சை நெருக்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தையல் வேலை செய்யும் அவளோ, இனித் திரும்பி வரமாட்டாள் என்பதுபோல், தைக்காமல் கிடக்கும் துணிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள்.

ரத்த மருத்துவர் பதறவில்லை. பதறுவதற்கென்றே பக்கத்தில் டெக்னீஷியன் இருந்தார்.

"எண்ணுற மெஷின்தான் மேடம் திருடன்!"

"மத்தவங்க எண்ணிக்கையெல்லாம் சரியா வருதே?"

"ஆமா... இவங்களுக்கு ஒன்றரை லட்சமாவது இருக்கணும். காலையில நாற்பதாயிரம். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி எண்ணினேன், பதினெட்டாயிரம்!"

"மறுபடி ரத்தம் எடுத்தீங்களா?"

"இல்ல, அதே ஊதா மூடிக் குழாய்தான்."

மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஓட்டுநரிடம் திரும்பினார். "தையல் வேலையில விரல்ல ஊசி குத்துமே?"

"நேத்துகூட குத்துச்சு. அவ விரலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் பழையபடி தையல் மெஷின் ஓடுது. வெள்ளைத் துணியில ஒரு பொட்டுக் கறை இல்லை."

மருத்துவர் அந்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நிறமேற்றி, நுண்ணோக்கியில் குனிந்தார். மணி பதினொன்றரை. சுவர்க் கடிகாரத்தைப் பிடுங்கி வெளியே எறியலாம் போலிருந்தது ஓட்டுநருக்கு.

"பூட்டின வீட்டுக்குள்ள இருந்தவங்க ஒரு மணி நேரத்துல எங்க போவாங்க?" என்றார் மருத்துவர். "எங்கயும் போகலை. காயம் பட்டா முதல்ல ஓடி வர்றது தட்டணுதான். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓட்டையை அடைக்கும். அவங்க விரல்ல அது ஒழுங்கா நடந்திருக்கு. அப்போ தப்பு குழாய்க்குள்ள. ஊதா மூடிக் குழாயில ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து இருக்கு. அபூர்வமா சிலருக்கு அதுவே தட்டணுவைக் கொத்துக் கொத்தா ஒட்ட வெச்சிடும். நேரம் ஆக ஆக கொத்து பெருசாகும். கொத்தை மெஷின் தட்டணுன்னே எண்ணாது. பாருங்க."

டெக்னீஷியன் குனிந்தார். "அடப்பாவிகளா, இங்கேயா கும்பல் கூடியிருக்கீங்க!"

வேறு மருந்து உள்ள நீல மூடிக் குழாயில் புது ரத்தம் எடுத்து உடனே எண்ணினார்கள். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஓட்டுநர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அறுவை அறை வாசலில் மனைவி அவர் கையைப் பிடித்தாள். "துணியெல்லாம் கொடுத்துட்டீங்களா?"

"கொடுக்கலை. மூணு பேர் கேட்டு வந்தாங்க. அடுத்த மாசம் நீயே தைச்சுத் தருவேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."